அட்டையில் வராத வசனங்களை வாசிப்பது எப்படி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோவில் வாசலில் ஒரு தாம்பாளத்தில், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்து, அங்கேயே டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம். எரேமியா 29:11 எனக்கு இதுவரை நாலு தடவை வந்திருக்கிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டே பால் எடுப்பேன். "உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்" என்கிற சங்கீதம் 137:9 மட்டும் எந்த வருடமும் யாருக்கும் வந்ததில்லை. வந்திருந்தால் அச்சடித்த கமிட்டியைக் கூப்பிட்டு விசாரித்திருப்போம்.

ஆனால் இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது "வேதவாக்கியங்களெல்லாம்" பிரயோஜனமுள்ளவை என்கிறார். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் நான். "எல்லாம்" என்ற சொல்லுக்குள் எதை விடலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்பது பெண்கள் கூடி வேதம் வாசிக்கிறோம். ஒரே ஒரு சட்டம்தான்: வரிசையாக வாசிக்க வேண்டும், எதையும் தாண்டக் கூடாது. இப்படி வாசித்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது தொண்டையில் முள் மாட்டும். அந்த முள்ளை என்ன செய்வது என்று நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை.

என்ன செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் செய்திருக்கிறேன். 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம். தாவீது ராஜா பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் புருஷனைப் போரில் சாகவிட்டான். தீர்க்கதரிசி நாத்தான் வந்து கண்டிக்கிறார். தாவீது பிழைத்துக்கொள்கிறான்; பிறந்த பிள்ளை ஏழாம் நாள் சாகிறது. வாசித்து முடித்ததும் மாடியில் சத்தமே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. வகுப்பில் ஒருத்தரும் வாய் திறக்காவிட்டால் டீச்சரே விடையைச் சொல்லிவிடுவது போல, பாவத்தின் சம்பளம், தேவசித்தம், பிள்ளை எப்படியும் பரலோகத்துக்குத்தானே போயிருக்கும் என்று மூன்று நிமிடம் பேசிவிட்டேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், பிறந்த நாலாம் நாள் பிள்ளையைப் பறிகொடுத்தவர். மறந்துபோய்ப் பேசினேன் என்றால் அது பொய். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தே பேசினேன். அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை.

நாலு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார், வேறு எதையெல்லாமோ பேசினோம். நான் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர்கூட இல்லையே டீச்சர். நீங்க கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து புரட்டினேன். அதே அதிகாரத்தில் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு சாலொமோன், யெதிதியா என்று இரண்டு பேர். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. எத்தனையோ தடவை வாசித்த அதிகாரம் அது. காரணம் சொல்லும் அவசரத்தில், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதையே நான் பார்த்திருக்கவில்லை.

ஆகவே இப்போது நாங்கள் தொடங்குவது இப்படி. பகுதியைச் சத்தமாக, முழுவதுமாக, இரண்டு மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். ஒன்று நம் பழைய வேதாகமம். 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. இன்னொன்று 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். அப்புறம் பத்து நிமிடம் யாரும் "ஏன்" என்று கேட்கக் கூடாது, "ஏனென்றால்" என்று சொல்லவும் கூடாது. ஆளுக்கு ஒன்று, கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். எனக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். என் பக்கத்தில் உட்காருகிறவர் கையில் ஒரு பென்சில் இருக்கும். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அதால் என் முழங்கையைத் தட்டுவார்.

சங்கீதம் 137-ஐ வைத்து மற்றதைச் சொல்கிறேன். மொத்தம் ஒன்பதே வசனம். அந்தப் பத்து நிமிடத்தில் எங்களுக்குக் கிடைத்தவை: ஆற்றங்கரை இருக்கிறது, அலரிச்செடி இருக்கிறது, அதில் கின்னரங்களைத் தூக்கி வைத்துவிட்டார்கள். பிடித்துக்கொண்டு போனவர்கள் பாட்டுப் பாடு என்கிறார்கள். கடைசி வசனத்தில் குழந்தை. ஒரு கல்லூரி மாணவி இன்னொன்றைச் சொன்னாள்: "ஆன்ட்டி, இது மலைப்பிரசங்கத்துல வர்ற அதே 'பாக்கியவான்' இல்லையா?" அதேதான். திருவிவிலியத்திலும் இரண்டு இடத்திலும் பேறுபெற்றோர்தான். எபிரெயத்தில் முதல் சங்கீதத்தைத் தொடங்கிவைக்கிற சொல்லும் அதுவே. மாடியில் எல்லோருக்கும் கொஞ்சம் வயிற்றைப் பிசைந்தது. பிசையட்டும் என்று விட்டோம்.

அடுத்தது, யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. குறுந்தொகைப் பாட்டு ஒன்றை எடுத்தால் முதலில் கூற்றைப் பார்ப்போம்: தலைவி சொல்கிறாளா, தோழி சொல்கிறாளா, பரத்தை சொல்கிறாளா? கூற்று தெரியாமல் பொருள் சொன்னால் பாட்டு தலைகீழாகிவிடும். வேதத்துக்கு மட்டும் அதை மறந்துவிட்டு, எல்லா வரியையும் கர்த்தர் நேரே நம்மிடம் சொன்னதாக வாசிக்கிறோம். சங்கீதம் 137-ல் பேசுகிறவன் சிறைப்பட்டுப்போனவன். ஏழாம் வசனத்தில் கர்த்தரைக் கூப்பிட்டு நினையும் என்கிறான். எட்டிலும் ஒன்பதிலும் பாபிலோனைப் பார்த்துக் கத்துகிறான். யாரும் யாருக்கும் போய் இப்படிச் செய் என்று அதில் கட்டளையிடவில்லை. தன்னிடம் இருக்கிற மிக மோசமான ஆசையைக் கர்த்தர் காதில் விழும்படி அவன் சொல்லிவிட்டான். நம்மில் யார் ஜெபத்தில் அவ்வளவு உண்மை பேசியிருக்கிறோம்? நான் பேசியதில்லை. "கர்த்தாவே, அவர்களை மன்னியும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவதாக, அந்த ஆள் எங்கிருந்து வருகிறான் என்று தேடுவோம். பக்கத்து ஓரக்குறிப்பில் இருக்கும் ஒத்த வசனங்களைப் பிடித்துக்கொண்டே போனால் போதும், பெரிய புத்தகம் ஒன்றும் வேண்டாம். கி.மு. 587-86 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமை முற்றுகையிட்டுப் பிடித்தது. 2 இராஜாக்கள் 25:7-ஐ வாசியுங்கள். யூதாவின் ராஜா சிதேக்கியாவின் கண் முன்னால் அவன் பிள்ளைகளை வெட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு அவன் கண்களைக் குருடாக்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அதுதான். புலம்பல் 4:10-ல், முற்றுகைப் பட்டினியில் தாய்மார் என்ன செய்தார்கள் என்று இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. குழந்தைகளை மோதியடிப்பது அந்தக் காலப் படைகளின் வழக்கம் என்பதற்கு 2 இராஜாக்கள் 8:12, நாகூம் 3:10 என்று வசனங்கள் கிடைக்கும். இதையெல்லாம் வாசித்துவிட்டுத் திரும்பி வந்தால், எட்டாம் வசனத்தில் முன்பு கண்ணில் படாத ஒன்று படும்: "நீ எங்களுக்குச் செய்தபடி." அந்தக் கல்லில் முதலில் மோதியது யாருடைய பிள்ளைகள் என்று அப்போதுதான் விளங்கும்.

விளங்கியதால் வசனம் இனிப்பாகிவிடாது. இன்னமும் ஒரு குழந்தையின் சாவைத்தான் அது கேட்கிறது.

நாலாவது, வேதத்துக்குள்ளேயே அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிற வசனத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பது. என் ஃபிரிட்ஜ் கதவு வசனம் இங்கேதான் வருகிறது. எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எழுதியது. போய்ச் சேர்ந்த இடம் பாபிலோன். சிறைப்பட்டுப்போனவர்களுக்கே எழுதியது. அட்டையில் 11-ஆம் வசனத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதாவது கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தச் சமாதானத்தைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். 7-ஆம் வசனம் இன்னும் மோசம்: உங்களைக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்கிறது. பாபிலோனுக்காக ஜெபம்! ஒரே ஜனம், ஒரே ஊர். கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்ற பாட்டும் வேதத்தில் இருக்கிறது, மோதவேண்டிய ஊருக்காக ஜெபம்பண்ணு என்ற கடிதமும் வேதத்தில் இருக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கவில்லை. என் அனுபவத்தில் முதலாவதை வாய்விட்டுச் சொல்லாமல் இரண்டாவதைச் செய்ய முடியாது, செய்ததாகக் காட்டிக்கொள்ளத்தான் முடியும்.

இதுவரை வந்த பிறகுதான் பழைய காலத்துப் பரிசுத்தவான்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்கலாம். முன்னாலேயே பார்த்தால் அது தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடும். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் இந்த வசனத்துக்குச் சொன்ன பொருள்: பாபிலோனின் குழந்தைகள் என்பவை நம் மனதில் அப்போதுதான் பிறக்கிற தீய எண்ணங்கள்; வளர்வதற்குள் அவற்றைப் பிடித்து மோத வேண்டும். கல் கிறிஸ்து என்றார் அகஸ்டின். 1 கொரிந்தியர் 10:4-ல் அந்தக் கன்மலை கிறிஸ்துவே என்று இருக்கிறதல்லவா. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கிலும் இதே பேச்சு வருகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்துப்போன நிஜப் பிள்ளைகளை ஒரே வரியில் "எண்ணங்கள்" ஆக்கிவிட்டார்களே என்று தோன்றியது. எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கன்னியாஸ்திரி ஒருவர், இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது என்று காட்டினார். 1970-களின் தொடக்கத்தில் புதுப்பித்த, திருப்புகழ்மாலை என்கிற அவர்களுடைய தினசரி ஜெபப் புத்தகத்தில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் முழுவதும் எடுத்துவிட்டார்களாம். 137-ல் கடைசி மூன்று வசனம் கிடையாதாம். மடத்தில் தினமும் சங்கீதம் பாடுகிறவர்களுக்குப் பாட்டு ஆறாம் வசனத்தோடு நின்றுவிடும். "பாதி அழுதுட்டு முகத்தைக் கழுவிட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றார் அவர்.

என்றாலும் எழுத்துப்படியான பொருளைத் தாங்கிக்கொண்ட பிறகு ஓரிகன் சொன்னது வேலை செய்கிறது. எங்கள் மாமியார் இறந்தபோது அவருடைய இரண்டு வளையலும் ஓரகத்திக்குப் போயின. நான் வாயைத் திறக்கவில்லை. அது பிறந்த அன்று எவ்வளவு சின்ன எண்ணம் தெரியுமா? உள்ளங்கையில் அடங்கியிருக்கும். பதினோரு வருடம் பாலூற்றி வளர்த்து, அதற்குப் பல் முளைத்து, ஒரு கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் அவளைக் கடித்தது. 137:9 எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு மிருதுவான வசனம் சொல்லிக்கொடுத்திருக்காது. பிறந்த அன்றே பிடி என்று சொல்ல அவ்வளவு கொடூரமான படம்தான் தேவைப்பட்டது போலும்.

கடைசியாக ஒரு கேள்வி: இந்தப் பகுதியில் நான் எங்கே நிற்கிறேன்? எல்லோரும் இஸ்ரவேலராகத்தான் நம்மை நினைத்துக்கொள்கிறோம். பாபிலோனாக நின்று வாசித்துப் பாருங்கள். நம்மால் அழுதவர்கள் கரையோரம் உட்கார்ந்து நம்மைப் பற்றி என்ன பாடியிருப்பார்கள்?

மத்தேயு 15-ல் கானானிய ஸ்திரீயின் கதை எங்கள் மாடியில் வந்தபோது இந்தக் கேள்விதான் ரொம்பச் சுட்டது. இயேசு முதலில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்புறம் பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்கிறார். அவள் விசுவாசத்தைச் சோதித்தார், நாய்க்குட்டி என்பது செல்லப் பேர் என்றெல்லாம் சொல்லி நாங்கள் அவரைக் காப்பாற்றப் பார்த்தோம். அப்போது இதுவரை அதிகம் பேசாத ஒரு அக்கா, "செல்லமோ என்னமோ, மேஜைக்குக் கீழே உட்காந்து பாத்தவளுக்குத்தான் தெரியும்" என்றார். அவர் அம்மா ஒரு பண்ணையார் வீட்டில் கொல்லைப்புறத்தில் நின்று கையேந்திச் சோறு வாங்கியவர். பண்ணையார் வீடும் கிறிஸ்தவ வீடுதான். சாதிக்கொரு கல்லறை வரிசை வைத்திருக்கிற சபைகள் நம் பக்கத்தில் உண்டு. அந்த ஸ்திரீ வாதாடி வென்றாள் என்பதும், அவளுடைய விசுவாசம் பெரிது என்று இயேசுவே ஒப்புக்கொண்டதும் அந்த அக்காவுக்கு எங்கள் யாரையும்விட முன்பே தெரிந்திருந்தது. மேஜையில் உட்கார்ந்திருக்கிற நாங்கள்தான் அன்று பாடம் கேட்டோம்.

எல்லாப் பூட்டுக்கும் இந்தச் சாவிகள் பொருந்தாது. எலிசா தீர்க்கதரிசியை "மொட்டைத்தலையா ஏறிப்போ" என்று கேலி செய்த நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கரடி பீறியதை ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான். எனக்கும் புரியவில்லை என்றேன், அவனுக்கு அந்தப் பதிலே பிடித்திருந்தது. 1 சாமுவேல் 15-ல் குழந்தைகளையும் கொன்றுபோடு என்ற கட்டளை சாமுவேலின் வாயிலிருந்து கர்த்தருடைய வார்த்தையாகவே வருகிறது. கூற்றைப் பார் என்ற என் உபாயம் அங்கே நொண்டுகிறது. அப்படிப்பட்ட பகுதிகளுக்கு என் நோட்டில் தேதி போட்டு, என் புகாரை நாகரிகமில்லாத சொந்தத் தமிழில் எழுதி, கீழே அரைப் பக்கம் காலியாக விடுகிறேன். 1 சாமுவேல் 15-க்கு அந்த அரைப் பக்கம் ஏழு வருடமாகக் காலியாகத்தான் இருக்கிறது.

நியாயாதிபதிகள் 19-க்கும் காலியாகத்தான் விட்டேன். ராத்திரி முழுக்க ஊர்க்காரர்களிடம் கொடுக்கப்பட்டு, விடியற்காலையில் வாசற்படியில் விழுந்து கிடந்த பெண்ணின் கதை அது. அவளுக்கும் பேர் இல்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசி வசனமே என்ன செய்வது என்று சொல்கிறது: யோசியுங்கள், ஆலோசனை பண்ணுங்கள், சொல்லுங்கள். "யோசியுங்கள்" என்கிற இடத்தில் எபிரெயத்தை "அவள்மேல் மனதை வையுங்கள்" என்றும் வாசிக்கலாம் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து இந்த மாதிரிப் பகுதி வந்தால் அந்த மூன்று வினைச்சொல்லையும் அதே வரிசையில் செய்கிறோம். மூன்றாவதைச் செய்யும்போதுதான் எங்கள் ஒன்பது பேரில் ஒருவர், தன் வீட்டில் நடந்ததை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடினமான வசனத்தை உங்கள்மேல் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்தவர் தலையில் போடாதீர்கள். அடிபட்டுக்கொண்டிருக்கிற மனைவியிடம் போய்க் கீழ்ப்படிதலைப் பற்றிய வசனத்தை எடுத்து நீட்டுகிறவர், வேதத்தை விளக்கவில்லை, அடிக்கிறவனுக்குக் கம்பு எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான வீடும் துணைக்கு ஆளும். துக்க வீட்டிலும் இந்த அதிகாரங்களைத் திறக்காதீர்கள். யாருடைய வாழ்க்கையில் எது நடந்திருக்கிறது என்று தெரிந்தால் முந்தின நாளே போன் பண்ணி, நாளைக்கு இந்தப் பகுதி வருகிறது, வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிடுங்கள். நான் அன்று செய்யாதது அது.

பிள்ளையைப் பறிகொடுத்தவர் மறு வருடம் திரும்பி வந்தார். சங்கீதங்கள் நடந்துகொண்டிருந்தன. 88-ஐ நான் வாசிக்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கினார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் கடைசியிலாவது ஒரு ஸ்தோத்திரம் வரும், இதில் வராது. சிநேகிதனும் தோழனும் தூரமாகிப்போனார்கள் என்பதோடு முடிந்துவிடும். எபிரெயத்தில் கடைசிச் சொல்லே இருள்தானாம். வாசிப்பதற்கு முன்னால், "முடிஞ்சதும் யாரும் ஜெபம் பண்ண வேண்டாம், பாட்டும் வேண்டாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும்தான் டீச்சர்" என்றார்.

வாசித்தார். வேதத்தை மூடினார். எல்லோரும் எழுந்து பாயைச் சுருட்டினோம்.